என் முகத்தில் விழிக்காதவர்கள்

எங்கள் தெருவில் யார் கர்ப்பம் என்பது டாக்டருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். நான் ஜோசியக்காரி இல்லை, தையல்காரி. நேற்றுவரை என் கடை வாசலில் நின்று கதையளந்தவள், இன்று என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் தாண்டி விறுவிறுவென்று நடந்தால், அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

போன வருஷம் எனக்கு ஒரு பெண் குழந்தை இறந்து பிறந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. நான் ராசியில்லாதவளாம். கர்ப்பிணிகள் என் முகத்தில் விழிக்கக் கூடாதாம், நான் தைத்த துணி அவர்கள் வயிற்றில் படக் கூடாதாம்.

என் குழந்தையைக் கொன்றது ராசி இல்லை, பிரஷர். எனக்குக் கால் வீங்கியபோது, "மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா. தலை வலித்தபோது, "நல்லாத் தூங்கு" என்றாள் மாமியார். கண் மங்கியபோது, "நல்லாச் சாப்பிடு" என்றார்கள் இருவரும். வீட்டுக்குள்ளேயே இத்தனை வைத்தியர்கள் இருக்கும்போது, தெருக்கோடியில் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு யார் போவார்கள்? வலிப்பு வந்த பிறகுதான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இன்னொருத்திக்கு இப்படி நடக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போனேன். மைக் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவர் எல்லாருக்கும் மைக் மாமா.

"மாமா, மாசமா இருக்கிற பொண்ணுங்களை எல்லாம் செக்கப்புக்குப் போகச் சொல்லணும்."

"பிரமாதமான யோசனைம்மா! விழா எடுத்திடலாம்."

எடுத்தார். பேனரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை, அதைவிடக் கொழுகொழுவென்று மாமா. தாய்மையின் மேன்மையைப் பற்றி அவர் பேசி முடிப்பதற்குள் முன்வரிசைக் கர்ப்பிணிகளுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. விழாவுக்கு முன்பே என் காதோடு சொல்லிவிட்டார்: "தப்பா எடுத்துக்காதம்மா. நீ மட்டும் மேடைப் பக்கம் வராத. அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்." நான் பின்னால் நின்று நாற்காலிகளை மடக்கினேன். அன்று ஒருத்திக்குக்கூட பிரஷர் பார்க்கவில்லை, எல்லாருக்கும் போட்டோ எடுத்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஊர் வாயை மூட முடியாது, ஆனால் அந்த வாயை வைத்தே வேலை வாங்கலாம். அடுத்து என்னைப் பார்த்து எதிர்ப்பக்கம் தாண்டியவள் பேக்கரிக்காரர் மருமகள். நேராக அவள் வீட்டுக்குப் போய் மாமியாரைக் கூப்பிட்டேன்.

"உங்க மருமகளை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா தினமும் காலையில வந்து அவ எதிர்ல நிப்பேன்."

"ஐயய்யோ, நீ வராதம்மா! இப்பவே போறோம்!"

செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அப்புறமென்ன, வீடு வீடாகப் போய் என் முகத்தைக் காட்டி மிரட்டினேன். ஈ ஓட்டிக்கொண்டிருந்த சுகாதார நிலையத்தில் உட்கார இடமில்லாமல் போயிற்று.

"என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

"மூஞ்சியைக் காட்டினேன், அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள். பிறகு, பேக்கரி மருமகளுக்கு பிரஷர் ஏறியிருந்ததையும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மாத்திரை தொடங்கியதையும் சொன்னாள். சங்கத்தின் சாதனை என்று மைக் மாமா இன்னொரு பேனர் வைத்தார்.

என் தங்கை அடுத்த தெருவில் இருக்கிறாள். ஊரே என்னை ஒதுக்கியபோதும் மதியம் கடைக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். திடீரென்று வருவதை நிறுத்தினாள். போன் செய்தால், அவளோடு போய்த் தங்கியிருந்த அம்மா எடுத்து, "அவளுக்குச் சளிடி" என்றாள். இப்படியே மாதங்கள் ஓடின. ஒருநாள் கடைத்தெருவில் இருவரும் எதிரே வந்தார்கள். தங்கை என்னைப் பார்த்து நின்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுக்க, எதிர்ப்பக்கம் தாண்டிவிட்டாள். ஊர் தாண்டியபோது சிரித்தவள் நான். அன்று கடையைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனியா?"

"எதுக்குடி? மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்."

காலைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பாதிக் கதவில் கை வைத்தேன்.

"அம்மா, அவளை இப்ப அனுப்பறியா, இல்ல நான் உள்ள வரட்டுமா?"

மூத்த மகள் முகத்துக்குப் பயந்து, பெற்றவள் இளைய மகளை அனுப்பினாள். பிரஷர் எக்கச்சக்கம் என்று அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குழந்தை முன்கூட்டியே பிறந்தது. சின்ன உடம்புதான், ஆனால் வார்டே அதிரக் கத்தியதாக நர்ஸம்மா வந்து சொன்னாள். நான் பார்க்கப் போகவில்லை.

பிறகு ஒரு மதியம், தங்கையே குழந்தையோடு கடைக்கு வந்தாள்.

"அக்கா, இவளைப் பாரு."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரை மிரட்டுவதற்காகச் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய் எனக்குள்ளேயே இறங்கியிருந்தது. என் கண் பட்டு ஏதாவது ஆகிவிட்டால்?

"வேலை கிடக்கு. தூக்கிட்டுப் போ."

"நான் பயந்ததுதான் தப்புக்கா. நீயும் பயந்தா எப்படி?"

மடியில் வைத்துவிட்டாள். குனிந்து பார்த்தேன். என் மகளை அன்று பார்த்தவர்கள் எல்லாரும், தூங்குகிற மாதிரியே இருக்கிறது என்றார்கள். இவளும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். இவள் வயிறு ஏறி இறங்கியது.