அனிலின் நனைத்த ஷூ

பெனடிக்ட் உள்ளே வந்ததுமே ஆனி கவனித்தாள். நாவல்பழம் தின்றது போல அவன் உதடு நீலம் பூத்திருந்தது.

"தலை விண்ணு விண்ணுனு வலிக்குது. வெயில்ல லோடு ஏத்துனது" என்று கட்டிலில் சாய்ந்தான்.

ஆனி சுரங்கத்தில் நிலக்கரி அள்ளிப்போகும் கன்வேயர் பெல்ட்டைப் பார்ப்பவள், பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் கிடைத்தது. அவள் கணவன் பெனடிக்ட் ஒரு தனியார் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் லாரி ஓட்டினான்.

"இன்னிக்கு என்ன லோடு?"

"அனிலின். சாயத்துக்கும் ரப்பருக்கும் போடற எண்ணெய். ஒரு டிரம் ஒழுகிச்சு. நானும் மருதமுத்துவும் சாக்கால தொடச்சோம். அப்புறம் அவரு அந்த லோடோட கெளம்பிட்டாரு."

அவன் ஷூ ஊறிப்போயிருந்தது. மீன் வாடை போல ஒன்று அடித்தது. ஆனி கையில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு ஷூவையும் பேண்டையும் உருவி வெளியே எறிந்தாள்.

"விடு, டீ குடிச்சா சரியாப் போயிடும்."

"பேசாம நில்லுங்க."

குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டுக் கால் முழுக்கத் தேய்த்துக் கழுவினாள். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. "அனிலின் தோல் வழியாவே உள்ள போயிடும்மா. இவரு மூச்சு விடறாரு, ஆனா ரத்தம் ஆக்சிஜன சுமக்கல" என்றவர், நரம்பில் ஒரு நீல மருந்தை ஏற்றினார்.

ஆனி உடனே மருதமுத்துவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. விடாமல் அடித்தாள். ஒருவழியாக எடுத்தார்.

"வண்டி ஓட்டிக்கினு இருக்கேம்மா. கொஞ்சம் கிறுகிறுப்பா இருக்கு. பண்ருட்டி போயி சாப்ட்டுக்கறேன்."

"எங்க இருக்கீங்கண்ணே?"

"முத்தாண்டிக்குப்பம் கிட்ட."

"ஓரங்கட்டுங்க. அவரு இங்க ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. உங்க காலையும் அதே எண்ணெய்தான் நனைச்சிருக்கு."

மருதமுத்து சிரித்தார். ஆனி சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் இன்ஜின் சத்தம் நின்றது.

"ஷூ, பேண்ட் எல்லாத்தையும் கழட்டுங்க. பக்கத்துல தண்ணி இருக்கா?"

"பம்ப்செட் ஓடுது. ரோட்டுமேல எப்படிம்மா..."

"வெக்கம் அப்புறம் படலாம். போய் நில்லுங்க."

டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது மருதமுத்துவிடம் போய்ச் சேரும்வரை ஆனி போனை வைக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இட்லி சாப்பிட்டார்கள். உதட்டில் பழைய நிறம் திரும்பியிருந்தது. கம்பெனி சூப்பர்வைசர் பெனடிக்ட்டைப் போனில் கூப்பிட்டு, லோடு ஏன் நடுவழியில் நிற்கிறது என்று கேட்டார். ஆனி போனை வாங்கிக்கொண்டாள்.

"அந்த டிரம்ம யாரும் வெறுங்கையால தொடக் கூடாதுங்க. கிளவுஸ், பூட்ஸ், கழுவத் தண்ணி இதெல்லாம் இல்லாம இவங்க ரெண்டு பேரும் இனி லோடு ஏத்த மாட்டாங்க. என் ஷிப்ட் முடிஞ்சதும் நானே அங்க வந்து பாக்கறேன்."