பாதியில் நின்ற கேசட்

சிங்கப்பூரிலிருந்து தான் கொண்டுவந்த கம்ப்யூட்டரை ரியாசுதீன் மறுபடி அட்டைப்பெட்டிக்குள் வைக்கப் போனான். தங்கை சுராயா அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வுடு சுராயா. வந்ததுலருந்து மல்லுக்கட்டறே. காலைல மெட்ராஸுக்கு எடுத்துனு போயி வித்துடறேன்."

"ஓடிச்சின்னா?"

"ஓடிச்சின்னா உன்னுது. எங்க ஓடப்போவுது? கேசட்டு கெட்டுப்போச்சு."

அதில் ஏற்ற வேண்டிய சதுரங்க ஆட்டம் கேசட்டில் இருந்தது. டேப் ரெக்கார்டரில் அதை ஓடவிட்டால், கீச்சிடும் அந்த ஒலி முழுவதும் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் இறங்கவேண்டும். கொஞ்சம் தவறினாலும் டிவித் திரையில் பிழை என்று ஒரு வரி வந்து நின்றுவிடும். பாதி இறங்கிய ஆட்டத்தால் பயனில்லை.

பொன்னேரி காலேஜில் கணக்குப் படித்தவள் சுராயா. தனக்கென்று அந்த வீட்டில் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டாள்.

கேசட் நின்ற இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கேசட் ஓரிடத்தில் கெட்டிருந்தால் எப்போதும் அதே இடத்தில் அல்லவா நிற்கவேண்டும்? இதுவோ ஒருமுறை தொடக்கத்திலேயே நிற்கிறது, ஒருமுறை முக்கால்வாசி போய் நிற்கிறது. அப்படியானால் கோளாறு கேசட்டில் இல்லை.

ரெக்கார்டரின் மூடியைத் திறந்து, நாடா உரசிப் போகும் உலோகத் துண்டைத் தொட்டாள். விரலை முகர்ந்தாள். தேங்காய் எண்ணெய்.

"அம்மா, ரெக்கார்டரத் தொடச்சியா?"

"பின்ன?" என்றாள் நூருன்னிசா அடுப்படியிலிருந்து. "உப்புக்காத்துல இரும்பு நிக்குமா? உள்ள பளபளன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கும் ரெண்டு சொட்டு வெச்சேன். இந்த வூட்டுல ஒரு கதவுக் கீலு துருப்புடிச்சிருக்கா, சொல்லு பாப்பம்!"

உண்மைதான். அந்த உப்பு ஏரிக்கரையில் அப்படி இன்னொரு வீடு கிடையாது. ரியாசுதீன் சிரிக்க வாய் திறந்தான். சுராயா பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான்.

அடுத்த தெருவில் நர்ஸ் மரியம்மா ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுத்தாள்.

"யாருக்குடி ஊசி?"

"ரெக்கார்டருக்குக்கா."

துடைத்து ஓடவிட்டாள். நின்றது. பஞ்சில் இன்னும் பிசுக்கு இருந்தது. நாடாவில் ஒட்டியிருந்த எண்ணெய் திரும்பத் திரும்ப உலோகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் துடைத்தாள், நாடாவைத் திருப்பிச் சுற்றினாள், ஓடவிட்டாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று.

"இன்னாடி இது, சட்டியச் சொரண்டற மாதிரி!" என்று காதைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள் நூருன்னிசா.

ஒலி அடங்கியது. பிழை வரி வரவில்லை. திரையில் கட்டங்கள் விரிந்தன. காய்கள் வரிசையாக வந்து நின்றன.

சுராயாவின் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

"எம்பொண்ணு ஓட்டிட்டா!" நூருன்னிசாவின் குரல் தெருவரைக்கும் போயிற்று.

ரியாசுதீன் ஆவலாக ஒரு பொத்தானை அழுத்தக் கை நீட்டினான்.

"கைய எடுண்ணே. யார் பொட்டின்னு கேட்டுட்டுத் தொடு."

அவன் கையை இழுத்துக்கொண்டான். "தொடலாங்களா, மேடம்?"

"நான் ஆடி முடிக்கட்டும்" என்றாள் சுராயா.