விட்டுவிட்ட கல்லறை

சைகோனில் ஹ்மியென் தன் ஆறு வயது மகளுடன் விமானம் ஏறிய அதே நாளில், அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ நகரில் அவள் கணவன் சியு தூல், தான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாசலிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. வானத்தில் இருப்பவளுக்கு யார் சொல்ல முடியும்?

ஊரை விட்டு வந்தவர்களுக்கு உதவும் சங்கத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் ஹ்லூன்தான் அவர்களை அழைத்துவரப் போக வேண்டும். அவளும் அவர்களைப் போல வியட்நாம் மலைநாட்டு ஜராய் இனத்துக்காரிதான்; இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. கிளம்பும்போது அவர்கள் சபையின் பாஸ்டர் க்சோர் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"ஏர்போர்ட்ல வாயத் திறக்காத தாயி. ரெண்டு நாளா பட்டினியா வர்றவ. வீட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிடட்டும், அப்புறம் நான் சொல்றேன்."

ஹ்லூனுக்கும் அது சரியென்றே பட்டது.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஹ்மியென் வெளியே வந்தாள். நின்றிருந்த ஐந்தாறு பேரின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். பெண் யூவா அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தூல் உயிருக்குப் பயந்து எல்லை தாண்டி கம்போடியக் காட்டுக்குள் ஓடியபோது அவள் வயிற்றில் இருந்தவள். அப்பாவைப் போட்டோவில் பார்த்ததோடு சரி.

"அவரு எங்கக்கா? ஷிஃப்ட்டா?" என்றாள் ஹ்மியென்.

"ஆமா" என்றாள் ஹ்லூன். அந்த ஒரு சொல் அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

காரில் வழியெல்லாம் ஹ்லூன் சாலையையே பார்த்து ஓட்டினாள். மடியில் இருந்த பையை ஹ்மியென் இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே காய்ந்த மிளகாயும் புகையில் வாட்டிய மாட்டிறைச்சியும். தூலின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கதவுக்குப் பின்னால் அவன் வாங்கி மாட்டியிருந்த இரண்டு குளிர்கோட்டுகள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அங்கே காத்திருந்த பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். அவர் ஆரம்பிக்கும் முன்பே ஹ்மியென் முந்திக்கொண்டாள்.

"எப்ப செத்தாரு?"

பாஸ்டர் ஹ்லூனைப் பார்த்தார்.

"பொண்டாட்டி வர்ற அன்னிக்கு எந்த ஆம்பள ஷிஃப்ட்டுக்குப் போவான்? எனக்கு அங்கயே தெரிஞ்சுபோச்சு." ஹ்லூன் பக்கம் திரும்பினாள். "நீ பொம்பளதானே? எதுக்குப் பொய் சொன்ன? வழி பூரா என்ன முட்டாளா உக்கார வெச்சுட்டீங்களே."

அன்று அவள் அழவில்லை. அடக்கம் செய்த நாளில்தான், பெட்டியை இறக்கியபோது குரல் வெடித்தது. ஊரில் பாடும் ஒப்பாரியை அந்தக் குளிரில் நின்று முழுக்கப் பாடினாள். பக்கத்துக் குழிக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணத்தில் சோறும் இறைச்சியும் எடுத்துக்கொண்டு வந்து ஹ்லூன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கல்லறைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

ஜராய்க்காரர் வழக்கம் அது. செத்தவனைக் கல்லறையை விட்டு அனுப்பிவைக்கும் சடங்கு முடியும்வரை, பெண்டாட்டி அவனுக்குச் சோறு கொண்டுபோய் வைக்க வேண்டும். சடங்கு முடிந்தபின் அந்தக் கல்லறைப் பக்கம் யாரும் போகக் கூடாது. செய்தி பாஸ்டர் காதுக்கும் எட்டியது.

"நாம ஏசுவோட பிள்ளைங்கம்மா. செத்தவங்களுக்குச் சோறு ஊட்டலாமா?"

"அவருக்குப் பசிக்குதுன்னு நான் சொல்லல பாஸ்டர். ஆறு வருஷமா என் கையால அவருக்கு ஒரு வாய் போடல. அவ்வளவுதான்."

அதன்பின் பாஸ்டர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐந்தாவது வாரம் போனபோது, முந்தின வாரம் வைத்துவிட்டு வந்த கிண்ணத்தைக் காணவில்லை. ஹ்லூன் கல்லறை அலுவலகத்தில் போய்க் கேட்டாள். மேலாளர் கெட்டவர் இல்லை. விதி அச்சடித்த தாளை எடுத்துக் காட்டினார்.

"காக்காவும் அணிலும் வந்து குப்பையாக்குதும்மா. பூ வைங்க, சாப்பாடு வேணாம்."

"கூடவே இருந்துட்டு, போகும்போது எடுத்துட்டுப் போயிடறோம்."

யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அன்று முதல் ஹ்மியென் சோற்றை வைத்து ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். கிளம்பும்போது திரும்ப எடுப்பாள். 

"வாய்ல இருந்து புடுங்கற மாதிரி இருக்குக்கா" என்றாள் ஒரு நாள்.

தை மாதக் குளிரில் அவளுக்கு வேலை கிடைத்தது. மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு கோழி வெட்டும் ஆலை. அங்கேயே தங்க வேண்டும். உள்ளூரில் ஹ்லூன் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவளுக்கு வேறு வேலை எதுவும் அமையவில்லை.

"அப்போ அவர விட்டுடணும்" என்றாள் ஹ்மியென். "நான் அங்க, அவரு இங்க பசியோடன்னா ரெண்டு பேருக்கும் நிம்மதியில்ல."

ஊரில் என்றால் இரண்டு மூன்று வருஷம் கழித்து எருமை வெட்டி, மரப் பொம்மைகள் செதுக்கி நட்டு, மூன்று நாள் கூடி ஆடிச் செய்வது அந்த அனுப்பிவைக்கும் சடங்கு. இங்கே மூன்று மாதத்தில், ஒரு கோழியோடு முடிந்தது. விழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கும் சங்கத்துச் சேகண்டிகளை ஹ்லூன் அலமாரியிலிருந்து கேட்டு வாங்கினாள். இரண்டு கிழவர்கள் கல்லறையருகே நின்று வாசித்தார்கள். ஒருவருக்கு இடையில் தாளம் மறந்து போனது, மற்றவர் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனார். பாஸ்டர் உள்ளே வரவில்லை. வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. கிழவர்கள் நிறுத்தினார்கள்.

ஹ்மியென் மண்ணில் கள்ளை ஊற்றினாள். கிண்ணத்தைக் கல்லில் மோதி உடைத்தாள்.

"இன்னியோட சரி. இனிமே சோறு கொண்டு வரமாட்டேன். நீங்களும் என்ன எதிர்பாக்காதீங்க. போயிடுங்க."

யூவா மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு டாட்டா சொல்லட்டுமாம்மா?"

"சொல்லிடு. அப்புறம் திரும்பிப் பாக்கக் கூடாது."

மூவரும் நடந்து காருக்கு வந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஆலை வேன் வந்து தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனது. போய்ச் சேர்ந்ததாக ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஹ்லூனும் வற்புறுத்திக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சங்கத்துக்குப் போகும் வழியில்தான் அந்தக் கல்லறை வாசல் இருக்கிறது. ஹ்லூன் தினமும் அதைக் கடந்துதான் போகிறாள். உள்ளே மட்டும் போவதில்லை.