கோழிப் படம்

எட்மண்ட் துரையின் பயாஸ்கோப் கூடாரம் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய நந்திதுர்க் மைதானத்தில் முளைத்த நாளிலிருந்து பாக்கியவதி வீட்டில் குழம்பு ஒழுங்காக வெந்ததில்லை. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. வெள்ளைத் துணியில் கடல் புரண்டுகொண்டிருக்கும்போது குழம்புக்கு என்ன அவசரம் என்று கேட்பாள். பகலெல்லாம் மைன் துரை ஒருவரின் பங்களாவில் ஆயா வேலை. சாயங்காலம் துரைசானி குழந்தையை வாங்கிக்கொண்டதும் நேரே கூடாரம்தான். ஒரே படங்களை மறுபடி மறுபடி பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா வந்து படுத்துக்கொள்பவளும் அல்ல. மறுநாள் குழாயடியில் தீர்ப்புச் சொல்வாள்.

படங்களை அவள் மூன்று ரகமாகப் பிரித்திருந்தாள். 'குழம்பு தீயட்டும்' என்பது உசத்தி ரகம். 'அடுப்பைத் தணிச்சுட்டுப் போலாம்' என்பது நடுத்தரம். மிச்சமெல்லாம் 'வீட்லயே இரு'. தலைப்பாகை கட்டிய யாரோ ஒரு ராஜா யானைமேல் போகும் படத்தை முதல் நாளே 'வீட்லயே இரு' என்று தள்ளிவிட்டாள். ராஜா போகிறார், போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார், அதில் நமக்கு என்ன என்றாள். பெஞ்சில் தூங்கும் கிழவரின் தொப்பியை ஆடு தின்னும் படத்துக்கு நடுத்தரம் கொடுத்தாள். தீயணைக்கும் வண்டியை இழுத்துக்கொண்டு நான்கு குதிரைகள் தெருவை அதிரவைத்துப் பாயும் படம்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் உசத்தி. அவள் புருஷன் ஏனோக்குக்கும் அதுதான். பூமிக்கு அடியில் பாறையில் துளை போடும் மிஷின்காரன் அவன். அந்தக் குதிரைகள் வரும்போது மட்டும் எழுந்து நின்று விசிலடிப்பான்.

லைனில் இருந்தவர்கள் அவள் பேச்சைக் கேட்டுத்தான் கூடாரத்துக்குப் போனார்கள். லைன் என்பது கூலிக்காரர்களின் தட்டி வீட்டு வரிசை. மைன்களுக்கு மின்சாரம் வந்து சில வருஷம் ஆகியும் அங்கே மண்ணெண்ணெய் விளக்குதான். இருட்டில் உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு வெளிச்சம் காட்ட வந்தவர் என்று எட்மண்ட் துரைமேல் அவளுக்கு ஒரு மரியாதையே இருந்தது. மெட்ராஸ்காரர், பாதி வெள்ளை, கடுகு நிற மீசை. கூடாரத்தின் பின்பக்கம் மிஷினை வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுவார். படம் ஓடும்.

இன்னொரு படமும் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. பலகை வழியாக ஆட்கள் இறங்குகிறார்கள். தொப்பி வைத்த ஒரு பெண் கரையில் நின்று பார்க்கிறாள். கடைசியில் ஒருத்தன் இறங்கி வருகிறான், அவள் அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். அவ்வளவுதான். ஆனால் கூடாரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அதற்குத்தான். சிந்திய சர்க்கரையில் எறும்புகள் மாதிரி ஆட்கள் மொய்த்து இறங்குவார்கள். அந்தப் பெண்ணின் தலை வெடுக் வெடுக்கென்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பும். கடைசியில் வந்தவனின் நெஞ்சைக் கொத்துவது போலக் கை போகும். அதற்குக் 'கோழிப் படம்' என்று பெயர் வைத்ததே பாக்கியவதிதான். அந்தப் பெயர் லைன் தாண்டி, அடுத்த சுரங்கமான மைசூர் மைன்ஸ் வரை போய்விட்டது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வரிசையில் குடியிருந்த தங்கம்மா. போன மழைக்காலத்தில் ஏர்பிளாஸ்ட் ஆகி, அதாவது அடியில் பாறை வெடித்துப் பூமி குலுங்கி, அவள் புருஷன் கோவிந்தன் உள்ளேயே செத்துப் போய்விட்டான். பாக்கியவதிதான் அவளைக் கூடாரத்துக்கு இழுத்து வந்தாள். கோழிப் படம் பாதி ஓடும்போதே தங்கம்மா எழுந்து போனாள்.

"தமாஷ் கூடப் புரியல பாவம் அக்காவுக்கு" என்றாள் பாக்கியவதி, பக்கத்தில் இருந்தவர்களிடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துரைமார் கிளப்பில் பயாஸ்கோப் வைத்தார்கள். குழந்தையை வைத்துக்கொள்ளப் பாக்கியவதியும் போக வேண்டியிருந்தது. குழந்தை தோளில் தூங்கிவிட்டது. அவள் சுவரோரம், மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். பார்த்துப் பார்த்துப் பழகிய படங்கள்தானே என்று அலட்சியமாகத்தான் நின்றாள்.

கோழிப் படம் வந்தது. அவளுக்குச் சிரிப்பு முன்கூட்டியே வந்துவிட்டது, குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் துணியில் யாரும் எறும்பு போல மொய்க்கவில்லை. மனிதர்கள் மனிதர்களாக இறங்கினார்கள். மூட்டையை மாற்றிக்கொண்டார்கள், குழந்தையைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தூரத்தில் ஒருவனைக் கண்டு அவள் முகம் மலர்ந்தது, கை பாதி உயர்ந்தது. அவன் கிட்டே வந்ததும் வேறு யாரோ. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் தொப்பியைத் தொட்டுக்கொண்டாள். கூட்டம் வடிந்தது. பலகை வெறுமையாக இருந்தது. மாலுமிகள் பலகையை இழுக்கக் குனிந்தார்கள். அவள் அப்படியே நின்றாள். அதற்கப்புறம்தான் அவன் வந்தான். அவள் அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. அவன் கோட்டுப் பொத்தானைப் போடப் பார்த்தாள். துளையில் பொத்தான் ஏறவே இல்லை.

கிளப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. துரைசானி ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள்.

பாக்கியவதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதையா கோழி என்றோம். இதற்கா அத்தனை பேரும் உருண்டு உருண்டு சிரித்தோம். பூமி குலுங்கினால் அடுப்பைப் போட்டது போட்டபடி சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடி, ஆட்களை ஏற்றும் கூண்டு ஒவ்வொரு தரம் மேலே வரும்போதும் ஒவ்வொரு கரி முகமாகப் பார்த்து நிற்கிறவர்கள் யார்? தங்கம்மா அன்றைக்கு எழுந்து போனது இப்போது புரிந்தது. கோழியாகக் கொத்திக்கொண்டு ஓடியபோதும் அவள் ஒருத்திக்கு அந்தப் படம் சரியாகத் தெரிந்திருக்கிறது.

துரைமார் சாப்பிடப் போனதும் அவள் எட்மண்ட் துரையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சுருள்களைத் தகர டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இது வேற படமா தொரை?"

"அதே சுருள்தான் ஆயா. இன்னா இப்போ?"

"எங்களுக்கு ஏன் இப்படி ஓடல?"

அவர் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். "ராத்திரி ஷிஃப்ட்டு சங்கு ஊதறதுக்குள்ள லைனுக்கு ரெண்டு ஆட்டம் போடணும். ஒரு கூட்டம் வெளிய போவணும், ஒரு கூட்டம் உள்ள வரணும். கைய கொஞ்சம் வேகமா சுத்தறேன். ஒரு படம் குறைச்சேனா? எல்லாத்தையும் காட்டறேனே."

"எல்லாத்தையும் காட்றீங்க. ஒண்ணையும் பாக்க வுடல."

"உங்க ஆளுங்க சிரிக்கறாங்க ஆயா. சந்தோஷமா வூட்டுக்குப் போறாங்க. அதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

"ஒருத்தி புருஷனுக்காக நிக்கறத எங்களுக்குத் தமாஷா காட்டி, இவங்களுக்கு மட்டும் படமா காட்றீங்க. எங்களுக்கு அழத் தெரியாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" குழந்தை தோளில் நெளிந்தது. அவள் குரலைத் தணித்தாள், கோபத்தைத் தணிக்கவில்லை. "நாளைக்கு லைனுக்குக் கடைசி ஆட்டம். அதுல இந்தப் படம் இதே மாதிரி ஓடணும். இல்லாட்டி ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல நின்னு சொல்லுவேன். பூதிகோட்டைல எங்க சொந்தம் இருக்குது, நீங்க அடுத்து அங்கதான் கூடாரம் போடறீங்க."

எட்மண்ட் துரை மீசையைத் தடவினார். அவள் வாய் கூடாரத்தை நிரப்பவும் காலி பண்ணவும் வல்லது என்று அவருக்குத் தெரியும். "சரி. ஆனா சங்கு எனக்காக நிக்காது. இதை மெதுவா ஓட்டினா வேற ஒண்ண எடுக்கணும். ஆடு, ராஜாவெல்லாம் துண்டு துண்டுப் படம், பத்தாது. நீளமானது குதிரை வண்டி ஒண்ணுதான். எடுக்கட்டுமா?"

அவளுடைய உசத்தி ரகத்தில் தலையாய படம். இன்னொரு முறை பார்க்கக் கிடைக்குமோ கிடைக்காதோ. ஏனோக் வேறு நாலு நாளாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"எடுத்துடுங்க" என்றாள்.

சனிக்கிழமை கூடாரம் பிதுங்கியது. ஆண்கள் முன்னால், பெண்கள் ஒரு ஓரமாக. பாக்கியவதி பெண்கள் பக்கம் போகவில்லை. மிஷினுக்கு அருகிலேயே போய் நின்றுகொண்டாள். இந்த மனுஷனை நம்ப முடியாது.

ராஜா போனார், ஆடு தொப்பியைத் தின்றது. அடுத்துக் குதிரைகள்தான் என்று ஏனோக் எழுந்து நின்றான். துணியில் கப்பல் வந்தது. 'கோழி, கோழி' என்று கூட்டம் குஷியாயிற்று. சிரிக்கத் தயாராக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள். சிரிக்க ஒன்றும் வரவில்லை. ஆட்கள் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மிஷின் கெட்டுப்போச்சாடா?"

"தொரை தூங்கறார்டா, எழுப்புங்க."

"வேகமா சுத்துய்யா."

அந்தக் கடைசிக் குரல் ஏனோக்குடையது. பாக்கியவதிக்கு அது நன்றாகவே தெரிந்தது. அடுத்து, "எங்கய்யா எங்க குதிரை?" என்றும் அவன்தான் கத்தினான். கூடாரத் துணியில் ஒரு கல் வந்து விழுந்தது. எட்மண்ட் துரை பயந்துவிட்டார். கை தானாக வேகம் பிடித்தது. துணியில் அந்தப் பெண்ணின் தலை வெடுக்கென்று திரும்பியது, ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

பாக்கியவதி அவரை இடுப்பில் இடித்துத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"நிறுத்திடாத ஆயா, நின்னா விளக்குச் சூட்டுல சுருள் பத்திக்கும்" என்று அவர் பதறினார்.

"நிறுத்த மாட்டேன். தள்ளுங்க."

விடியற்காலையில் கேழ்வரகு திரிக்கிற கை அது. ஒரே சீராகச் சுற்றியது. முன்னால் சத்தம் கூடியது, திட்டினார்கள், யாரோ பெஞ்சைக் கவிழ்த்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியில் அந்தப் பெண் யாரையோ தன் ஆள் என்று நினைத்துக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை தொப்பிக்குப் போயிற்று.

பெண்கள் பக்கம் சத்தம் முதலில் அடங்கியது. அங்கிருந்து ஒருத்தி, யாரென்று தெரியவில்லை, சாதாரணக் குரலில் சொன்னாள்: "வாய மூடுங்கய்யா. பாக்கறோம் இல்ல."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. ஆண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியாக ஏனோக் உட்கார்ந்தான். பலகை வெறுமையாகி, மாலுமிகள் அதை இழுக்கக் குனிந்தபோது கூடாரத்தில் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதன் பிறகு அவன் வந்தான், அவள் பொத்தானோடு மல்லாடினாள். படம் முடிந்து துணி வெளுத்தது. ஒருத்தரும் கைதட்டவில்லை.

வீடு திரும்பும்போது ஏனோக் அவளுக்கு முன்னால் நடந்தான். மற்ற நாளில் ஒவ்வொரு படத்தையும் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் வருவான். குதிரையைப் பற்றி இரண்டு வார்த்தை திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள், பதிலும் சூடாக வைத்திருந்தாள். அவன் திட்டவில்லை. வீட்டில் மெழுகுவத்தியையும் சோற்றுத் தூக்கையும் எடுத்துக்கொண்டான். ராத்திரி ஷிஃப்ட் அவனுக்கு.

"அந்தப் படம் எனக்கு வாணாம்" என்றான்.

"நல்லா இல்லியா?"

"நல்லா இல்லன்னு சொல்லல. பாக்க முடியல." வாசலில் நின்றான். "அந்தப் பொம்பள மூஞ்சி போறபோக்கு... அந்தாளுக்கு எதுவும் தெரியல பாரு. சிரிச்சிக்கினு இறங்கி வரான்."

"நீங்களும் அப்படித்தான் வரீங்க. உங்க தலை தெரிஞ்சதும் நாங்க மூஞ்ச தொடச்சிக்கறோம். அத மட்டும்தான் நீங்க பாத்துக்கினு இருக்கீங்க." அவளுக்கு ஆற்றாமை இன்னும் தீரவில்லை. "இன்னிக்குத்தான் முன்னாடி பாதிய பாத்தீங்க. அதையும் வேகமா சுத்தச் சொல்லிக் கத்தினீங்க."

மைன் சங்கு ஊத ஆரம்பித்தது. அவன் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"பாக்கியம். இனிமே பூமி ஆடினா ஷாஃப்ட்டுக்கு ஓடியாராத. வீட்லயே இரு."

"இருந்தா?" என்றாள் பாக்கியவதி. "வீட்ல இருந்தா மட்டும் நான் உக்காந்துக்கினா இருப்பேன்?"