கிரேன்காரி கேட்டுவிட்டுப் போன பதில்

“போடுடி ஃபோனை! நான் இருக்கும்போதே என் காதால கேட்கணும்,” என்று கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா அதட்டினாள். இன்றோ நாளையோ என்று டாக்டர் கைவிரித்துவிட்டுப் போன பிறகும் அந்த அதட்டல் மட்டும் குறையவில்லை.

மகள் ஃபோனை எடுத்துவிட்டு மறுபடியும் கீழே வைத்தாள். அம்மாவைப் போலவே துறைமுகத்தில் அவளும் கிரேன் ஓட்டுகிறவள்தான். நான்கு மாதக் கர்ப்பம்; வேலையிடத்தில் மூச்சுவிடவில்லை. இவளை வயிற்றில் சுமந்தபோது அம்மாவை அதே துறைமுகம் வீட்டுக்கு அனுப்பியது. அம்மா விட்டாளா? கூட இருந்த பெண்களையெல்லாம் இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்கும் தெருவுக்குமாக அலைந்து பாதி ஆயுளைத் தேய்த்தாள். கர்ப்பத்தைக் காரணம் காட்டி எந்தப் பெண்ணையும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்ற சட்டம் இன்று காலையில்தான் அமலுக்கு வந்திருந்தது.

“சட்டம் வந்தா ஆச்சாம்மா? அந்த சூப்பர்வைசரு வேற ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிட்டா?”

“அனுப்பட்டும், நான் பார்த்துக்கறேன்.”

“நீ எங்கேருந்து பார்ப்பே?” கேட்டபிறகுதான் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மாவுக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. இருமல் வரும்வரை சிரித்தாள்.

மகள் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். சூப்பர்வைசர் எடுத்தார். அம்மாவின் கிரேனுக்குக் கீழே கொக்கி மாட்டி, ஏற்று இறக்கு என்று கைச்சைகை காட்டி வேலை பழகியவர். மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

“சார்?”

“இருக்கேன்மா. வேலை உன்னுதுதான். பிரசவம் முடிஞ்சு வந்தாலும் அதே கிரேன்தான்.”

“சம்பளத்துல கை வைக்க மாட்டியே?” என்று அம்மா குறுக்கே புகுந்தாள்.

“ஐயோ, அக்காவா! சத்தியமா மாட்டேன்கா!”

அடேயப்பா, அம்மாவுக்கு என்ன சந்தோஷம்! பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, நடந்ததை மகள் வாயாலேயே முதலிலிருந்து சொல்லவைத்தாள். சாயங்காலம் மகளின் வயிற்றில் கைவைத்தபடியே கண் அயர்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் இடுகாட்டில் பெட்டியை இறக்கத் துறைமுகத்துப் பெண்களே கயிறு பிடித்தார்கள். அழுதுகொண்டே, “முடிச்சு சரியில்லன்னா எழுந்து வந்து திட்டுவா” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு பக்கம் கயிறு முந்திக்கொண்டது, பெட்டி சாய்ந்தது. சூப்பர்வைசர் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தினார். உயர்த்திய கையை அப்படியே இறக்கிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா.”

மகள் குழியின் விளிம்புக்கு வந்து நின்றாள். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல மெல்ல அசைத்தாள். நாள்தோறும் கிரேனில் மேலே உட்கார்ந்து அவள் பார்க்கிற, ‘மெதுவா இறக்கு’ என்ற சைகைதான் அது. இரண்டு பக்கமும் கயிறு ஒரே சீராக இறங்கியது.