இன்னொருத்தியின் செல்கள்

வினோஜா வளர்த்த செல்கள் ஒரு பெண்ணின் கருப்பை உட்சுவரில் வந்த புற்றுநோயிலிருந்து எடுத்தவை. அந்தப் பெண் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். செல்கள் மட்டும் டவுன்டவுன் ஆய்வுகூடத்துக் குடுவைகளில் சாவில்லாமல் பெருகிக்கொண்டிருந்தன. பனிக்காலத்தில் புதிய மருந்தொன்றை விட்டபோது அவை கொத்துக்கொத்தாய் உதிர்ந்தன. அந்தச் சந்தோஷத்தை அவள் தன்னோடு வைத்திருந்திருக்கலாம். ஆனால் நகரின் ஓரத்தில், லாசாலில் இருந்த பெரியம்மா செல்வமலரிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கும் அதே நோய்.

“அப்ப எனக்கென்னத்துக்கு அந்தக் கீமோ ஊசி? சத்தியெடுத்தே செத்துப்போவன். உன்ர மருந்து வரட்டும்.”

“அது மனிசருக்கு வர வருசக்கணக்காகும், பெரியம்மா.”

சொன்னாள்தான், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. தன் வேலையை ஒருவர் அப்படி நம்புவது அவளுக்கு இதமாக இருந்தது. பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஆய்வுக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் செல்களின் அடையாளத்தைச் சோதித்தார்கள். அவை அந்தப் பெண்ணினுடையவை அல்ல. பக்கத்து மேசையில் பிரசாந் வளர்த்த, வேறொருத்தியின் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்கள். இருவரும் செல்களுக்கு ஊட்டும் இளஞ்சிவப்புத் திரவத்தை ஒரே போத்தலிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். அவனுடைய செல் கலந்த ஒரு துளி போதும். வேகமாகப் பெருகும் அவனுடைய செல்கள் அவளுடையவற்றை இடமில்லாமல் நெருக்கி அழித்துவிட்டன.

“சோத்துப் பாசலைப் பங்குபோட்ட மாதிரி இதையும் போட்டிட்டம்” என்றான் பிரசாந். அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அன்றே அவள் லாசாலுக்குப் போனாள்.

“என்னடி, முகம் செத்துப்போய்க் கிடக்கு?”

“பெரியம்மா, அந்த மருந்து அழிச்சது வேற ஆரின்ரையோ செல்லை. உங்கட வருத்தத்துக்குக் கேக்குமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப எங்கட ஆள், அந்த முதல் பொம்பிளை?”

“அவளின்ர செல் எப்பவோ அழிஞ்சு போச்சு.”

பெரியம்மா தேநீரை ஒதுக்கி வைத்தாள். “பாவம். ரெண்டாந்தரமும் செத்துப்போனாள்.” பிறகு, “ஆஸ்பத்திரிக்குப் போன் அடி. ஊசி போடுவம்.”

ஊசிக்கு முன் ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். வைத்தியர் பிரெஞ்சில் மெதுவாக, நீளமாகப் பேசினார். பேசி முடித்ததும் வினோஜாவைப் பார்த்தார்.

“என்னவாம்?” என்றாள் பெரியம்மா.

“ஈரலுக்கும் போயிட்டுதாம். இனி ஊசி போட்டும் பிரயோசனமில்லையாம், பெரியம்மா.”

பெரியம்மா தலையாட்டினாள். “மெர்சி, நன்றி எண்டு அவருக்குச் சொல்லு” என்றுவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினாள். ஒரு கை உள்ளே போகவில்லை. வினோஜா எழுந்து பிடித்துவிட்டாள்.