நீரூசிக்கு எத்தனை புள்ளி

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் தயாரிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் அடி எதுவானாலும், அதன் பலத்துக்குப் புள்ளி போடுகிறவர் முதலில் அந்த அடியைத் தானே வாங்கிப் பார்க்க வேண்டும். அக்கா இதற்கு 'ருசி பார்ப்பது' என்று பெயர் வைத்திருந்தாள். கல்லெறியும் ஜந்துவுக்குப் புள்ளி போடுவதற்காக அத்தான் முதுகில் செங்கல் துண்டு வாங்கினார். மின்னல் ஜந்துவுக்குக் கொசு அடிக்கும் பேட்டில் விரலை வைத்தார். பனி ஜந்துவுக்காகச் சட்டைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு மீட்டிங் முழுக்க உட்கார்ந்திருந்தார். ருசி பார்க்காத அடிக்குப் புள்ளி பூஜ்யம். சட்டம் போட்டவள் அக்கா, ஒரு தடவைகூட ருசி பார்க்காதவளும் அவள்தான். முதலாளிக்கு எதற்கு அந்தக் கஷ்டமெல்லாம்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கார் கழுவும் ஷெட்டுக்கு மேலே இரண்டு அறை, நாலு பேர். அக்கா முதலாளி. அவள் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், புரோகிராம் எழுதுகிறவர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவரை வேலையை விடவைத்து இங்கே இழுத்துப் போட்டதும் அக்காதான். நான் ஜந்துக்களை வரைகிறவள். நாலாவது ஆள் விளையாட்டுக்குச் சத்தம் சேர்க்கிறவன். அவன் பேசினாலே காது கிழியும் என்பதால் அவனுக்கு டமாரம் என்று பேர்.

விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான். ஜந்துக்களை வளர்க்க வேண்டும், மைதானம் மைதானமாக ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். நெருப்பு ஜந்து, பாறை ஜந்து, நீர் ஜந்து என்று வகை வகையாக இருக்கும். அத்தானுக்கு நீர் ஜந்து மேல் தனிப் பிரியம். வகுப்பெடுத்து வருஷக்கணக்கானவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடுவாரா?

நான் நீர் ஜந்துவுக்குப் பானை மாதிரி வாய் வரைந்திருந்தேன். பின்னால் வந்து நின்று கண்ணாடியைத் துடைத்தபடி பார்த்தார்.

"வாய் இவ்வளவு பெருசா வேண்டாம் மச்சினி. ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை போதும்."

"அதுல என்ன அத்தான் வரும்? எச்சில்தான் வரும்."

"ஒரு மீன் இருக்கு. தண்ணிக்குள்ள இருந்தே வாயால பீச்சியடிச்சு, இலை மேல உக்காந்திருக்கிற பூச்சிய விழவைக்கும். கடைசியா வர்ற தண்ணிய முதல்ல போனதைவிட வேகமா விடும். பூச்சிகிட்ட போய்ச் சேர்றப்ப எல்லாம் ஒண்ணு சேந்து ஒரே அடி. அதுக்கு வாய் சின்னதாத்தான் இருக்கணும்."

வாயைச் சின்னதாக்கினேன். பார்க்க இன்னும் அசிங்கமாக, இன்னும் பயமாக ஆனது. அவர் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் முடியும், கேட்கச் சிரிப்பாக இருக்கும், செய்து பார்த்தால் சரியாக இருக்கும். நீர் ஜந்து நெருப்பு ஜந்துவை அடித்தால் ரெண்டும் வெந்துபோக வேண்டும் என்றும் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானால் ஒரு ஃபிரிட்ஜ் நிறைந்து வழியுமாம், அந்த ஆவி அடித்தவனை மட்டும் விட்டுவைக்குமா என்று கேட்டார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சண்டை வந்தது புள்ளியில். நீர் ஜந்துவுக்கு ரெண்டு பெரிய அடி. ஒன்று பேரலை, திரை முழுக்கத் தண்ணீர் எழும்பி எதிரி மேல் விழும். நான் ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தது. இன்னொன்று நீரூசி, நூல் மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். அத்தான் பேரலைக்கு முப்பதும் நீரூசிக்குத் தொண்ணூறும் போட்டிருந்தார்.

விளையாட்டுக் கண்காட்சிக்கு முந்தின நாள் அது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் விளையாட்டை அனுப்பியாக வேண்டும். அந்தக் காலையில்தான் அக்கா அந்த எண்களைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, இதென்ன கூத்து? அலைக்கு முப்பது, எச்சிலுக்குத் தொண்ணூறா?"

டமாரம் சிரித்தான். அவன் சம்பளம் வாங்குவதே பாதி அதற்குத்தான்.

"அலை தள்ளும்மா. ஆளையே புரட்டிப் போடும். ஆனா அந்த பலம் உடம்பு முழுக்கப் பரவிடுது," என்றார் அத்தான். "ஊசியில மொத்த பலமும் ஒரே புள்ளியில வந்து இறங்கும். தண்ணிய அமுக்க முடியாது, வேகமா வந்தா அது கம்பி மாதிரி. கீழ கார் கழுவுற மெஷின்ல வர்ற தண்ணி ரேஸ் காரைவிட வேகமா வருது. தோலுக்குள்ளேயே போயிடும்."

"தண்ணி தோலுக்குள்ள போகும்னா நாம குளிக்கிறப்பவே ஊதிப்போயிருக்கணுமே."

இதற்கு அவரால் பதில் சொல்ல முடியும். ஆனால் எல்லோரும் சிரித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் அக்கா அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அவளுக்கு நல்ல நாக்கு. நாலு பேர் இருக்கும் இடத்தில் அவள் பேசினால் மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், ஒருவர் கண்ணாடியைத் துடைப்பார்.

"சரி, ருசி பாத்தீங்களா?" என்றாள்.

"இதை ருசி பாக்கக் கூடாதும்மா."

"அப்ப பூஜ்யம்."

"பப்பாளிப் பழத்துல காட்டறேன்."

"பப்பாளிக்கா புள்ளி போடறோம்? பயமா இருக்குன்னு சொல்லுங்க, விட்டுடறேன். கண்காட்சியில யாராவது கேட்டா, எங்க வாத்தியார் தண்ணியக் கண்டா பயப்படுவாருன்னு சொல்லிக்கறேன்."

நான் குறுக்கே புகுந்து, "அக்கா, மரியாதையா விட்டுடு," என்றேன். "உன் ஜந்துவுக்கு மீசை வரையற வேலையப் பாருடி," என்றாள்.

அத்தான் எழுந்தார். எழுந்திருக்கவே கூடாது. ஆனால் தொண்ணூறு என்பது அவர் மூன்று நாள் கணக்குப் போட்டு எடுத்த எண். அந்த வீட்டிலும் சரி, இந்த ஆபீஸிலும் சரி, அவர் பேச்சு என்று எடுபடக்கூடியது அந்த ஒரு எண்தான். "தூரத்துல இருந்து பாக்கலாம்," என்றார். "தள்ளி நின்னா தண்ணி காத்துல உடைஞ்சு துளித்துளியா ஆயிடும், ஒண்ணும் பண்ணாது. எவ்வளவு தூரத்துல எவ்வளவு பலம் இருக்குன்னு தெரிஞ்சுக்க அதுவே போதும்."

கீழே ஷெட்டில் கழுவுகிற அண்ணன் ஒரு வேனுக்கு நுரை பூசிக்கொண்டிருந்தார். தண்ணீர் பீச்சும் துப்பாக்கிக்கு ரெண்டு மூக்கு வைத்திருந்தார். விசிறி மாதிரி அடிப்பது காருக்கு. ஒற்றைக் கோடாக அடிப்பது லாரிச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணுக்கு. அதைக் காரில் வைத்தால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று அவர் அதைத் தொடுவதே அபூர்வம். அக்கா கேட்டது அந்த ரெண்டாவதை. "ஆளுங்க பக்கம் காட்டிடாதீங்கம்மா," என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வேனுக்குள் துடைக்கப் போனார்.

அத்தான் ஷெட்டின் அந்தக் கோடிச் சுவரோரம் போய் நின்றார். தடித்த ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, வலது உள்ளங்கையைக் காட்டினார். பாடம் நடத்தும்போது பையன்களை அமைதியாக இருக்கச் சொல்வாரே, அதே மாதிரி கை. டமாரம் போனில் படம் பிடித்தான்.

அக்கா விசையை அழுத்தினாள். தண்ணீர் பாதி வழியிலேயே சிதறி, அவர் கையில் தூறலாக விழுந்தது.

"எப்படி இருக்கு வாத்தியாரே?"

"லேசாக் கூசுது. அதான் சொன்னேனே, இவ்வளவு தூரத்துல..."

"தொண்ணூறு புள்ளி கூசுதாம்."

டமாரம் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா விசையை விடாமலே நடக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே, திருவிழாவில் துப்பாக்கி சுடும் குழந்தை மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அத்தான் "போதும்மா" என்றார். அவள் இன்னும் நடந்தாள். "போதும், நிறுத்து" என்றார். கையை இறக்கியிருக்கலாம். இறக்கினால் அதற்கும் ஒரு சிரிப்பு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தூக்கிய கையைத் தூக்கியபடியே பின்னால் சுவரோடு ஒண்டினார். கடைசியில் துப்பாக்கிக்கும் கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கை வெடுக்கென்று பின்னால் போனது.

அவர் கத்தவில்லை. கையுறையைக் கழற்றிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஆள்காட்டி விரலுக்குக் கீழே, சதை மேட்டில், ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"அட, கொசு கடிச்சாக்கூட இதைவிடப் பெருசா இருக்கும்," என்றாள் அக்கா. மேலே போய் நீரூசிக்குப் பத்து என்று அவளே அடித்தாள்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. "உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றார். "வெளிய தெரியாது. உள்ள தண்ணி சதையப் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். அந்த மெஷினுக்கு வர்ற தொட்டித் தண்ணில சோப்பு இருக்கு, எண்ணெய் இருக்கு, சேறு இருக்கு. எல்லாம் உள்ள போயிருக்கு. கைய அறுத்துத் திறந்து கழுவணும்."

"இந்தப் புள்ளிக்கா கைய அறுக்கணும்? போய் டாக்டர்கிட்ட என்னன்னு சொல்வீங்க, தண்ணி பட்டுடுச்சுன்னா?" அக்கா நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "மூணாவது மைதானத்துல விளையாட்டு நின்னு போகுது. அதை உங்களைத் தவிர யாராலயும் சரி பண்ண முடியாது. அனுப்பிட்டு நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

நான் டாக்சி கூப்பிட்டேன். டாக்சி வந்து கீழே நின்று ஹாரன் அடித்தது. அத்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். "முடிச்சுட்டே போயிடறேன் மச்சினி. கொஞ்ச நேரம்தான்," என்று உட்கார்ந்துவிட்டார். டாக்சிக்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். எனக்கு அக்காவைப் பிடிக்கும். என்னைப் படிக்கவைத்தவள், எனக்குப் பென்சில் வாங்கித் தந்தவள். அன்றைக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது.

அவர் இடது கையால் தட்டினார். வலது கையை மேசை மேல் ஒரு பொருளை வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் கை உப்பியது. விரல்கள் வெளுத்து, தொட்டால் சில்லென்று இருந்தன. வலி கூடிக்கொண்டே போனது, நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. டமாரம் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் போகலாம் போகலாம் என்று அவர் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பி, "அவருக்கு வலிச்சா அவரே எழுந்திருக்க மாட்டாரா? நீ எதுக்கு நடுவுல ஊதிப் பெருசாக்கறே?" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. அது அவளுக்குச் சாட்சியாகிவிட்டது.

வெயில் தாழ்ந்தபோது மூன்றாவது மைதானம் ஓடியது. அக்கா கைதட்டி, விளையாட்டை அனுப்பினாள். அத்தான் எழுந்திருக்கப் பார்த்து, மேசையைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். நானும் டமாரமும் தூக்கிக் கீழே இறக்கினோம். கழுவுகிற அண்ணன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, கழுவ வந்திருந்த வேனையே எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டரம்மா கையை ஒரு பார்வைதான் பார்த்தார். "எப்ப ஆச்சு?"

"இப்பதான், சாயங்காலம்," என்றாள் அக்கா.

"காலையில," என்றேன் நான். "காலையில ஆச்சு. இவதான் விடல."

டாக்டரம்மா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் அறுத்துத் திறந்தார்களாம். உள்ளே காலையில் போன சேறு சதையோடு சதையாகக் கலந்திருந்ததாம். "உடனே வந்திருந்தா கழுவித் தச்சு அனுப்பியிருப்பேன்," என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. மிச்சம் இருக்கிற விரல்கள் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் காலை அத்தான் கண் விழித்தபோது அக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்காட்சியிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது, பேரலையை எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்களாம். அவள் எடுக்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். நடிப்பு இல்லை, எனக்கு அவளைத் தெரியும். மூக்கு சிவந்து, மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் குலுங்கியது.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்றாள். "இவ்வளவு ஆபத்துன்னு எனக்குப் புரியற மாதிரி அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? இப்படிப் பண்ணிட்டீங்களே."

நான் அத்தான் வாயைப் பார்த்தேன். சொல்லட்டும், இன்றைக்காவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சிரிக்க அங்கே யாரும் இல்லை. டமாரம்கூடக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, குறுக்கே பேச ஆளில்லை.

அவர் கட்டுப் போட்ட கையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்புதாம்மா. நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிடு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"சரி, விடுங்க," என்றாள். "நான் மனசுல வச்சுக்க மாட்டேன்."